புள்ளிப் பட்டியலும் படைப் பட்டியலும்

விடைத்தாள் திருத்துவதைத் தொழிலாகக் கொண்ட நாம் புள்ளியின் வலிமையை நன்கு அறிவோம். அது ஒருவனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். மற்றொருவனை வயலுக்குத் திருப்பும். ஆனால், ஆசிரியன் இட்ட புள்ளி மாணவனைப் போர்க்களத்துக்கே அனுப்பக்கூடிய காலமும் ஒன்று இருந்தது. கடல் கடந்து போர் புரியும் வல்லரசுகளின் ஆட்பஞ்சத்தை எண்ணுந்தோறும் நம் நெஞ்சில் முந்தி எழுவது அக்காலமே.

1965 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சன் வியட்நாமுக்கு மேலும் படை அனுப்பத் தீர்மானித்தார். சேமப் படையினரை அழைக்க வேண்டும் என்றனர் தளபதிகள். அவர்களோ குடும்பமும் தொழிலும் உடையவர்கள். அவர்களை அழைத்தால் நாடு முழுவதும் விழித்துக்கொண்டு கேள்வி கேட்கும். எனவே ஜனாதிபதி அவ்வழியை விடுத்து, கட்டாயப் படைச்சேர்ப்பின் மாதத் தொகையை 17,000இலிருந்து 35,000 ஆக உயர்த்தினார். சுமை இளைஞரின் தோளில் இறங்கியது.

கல்லூரி மாணவருக்கு விலக்கு இருந்தது. தேவை பெருகவே அவ்விலக்குக்கும் அளவுகோல் வந்தது. 1966 மே மாதத்தில் மாணவருக்கெனத் தனிப் பரீட்சை நடத்தினர். வகுப்பில் அவர்கள் பெற்ற வரிசையையும் கேட்டனர். பரீட்சை மண்டப வாயில்களில் மாணவர் இயக்கத்தினர் வியட்நாமைப் பற்றிய வேறொரு வினாத்தாளை விநியோகித்தனர். சிக்காகோப் பல்கலைக்கழக மாணவர், வகுப்பு வரிசையைக் கொடுக்கலாகாது என நிர்வாகக் கட்டிடத்தில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆசிரியர் சிலர் வகுப்பு முழுவதற்கும் உயர்புள்ளி வழங்கினர். அதனைத் தொழில் நெறிக்கு மாறானது என்பாரும் உளர். ஆனால் சிவப்பு மையால் ஓர் உயிரை நிறுக்கச் சொல்லும் அரசுக்கு வேறு எவ்வாறு விடை கூறுவது?

கல்லூரி வாயிலையே காணாத இளைஞரின் கதி என்ன? அதே 1966இல் பாதுகாப்பு மந்திரி மக்நமாரா ‘ஒரு லட்சம் பேர்’ என்னும் திட்டத்தை அறிவித்தார். அதுவரை படைத் தேர்வில் தவறியோர் இனிச் சேர்க்கப்படுவர். வறியோர் பயிற்சி பெற்று முன்னேறுவர் என்றார். 1971 வரை ஏறக்குறைய 3,54,000 பேர் இவ்வாறு சேர்க்கப்பட்டனர். கறுப்பின இளைஞர் அவர்களுள் மிகுதி. எழுத்தறிவு ஊட்டும் வகுப்புகள் சிலருக்கே கிடைத்தன. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குக் கிடைத்தது போர்முனைப் பணியே. பள்ளிக்கூடம் கைவிட்டவனைப் பட்டாளம் கைதூக்கிவிட்ட கதை இதுதான்!

பயிற்சியின் நிலையும் இரங்கத்தக்கதே. ஏறக்குறைய நான்கு மாதத்தில் ஒருவனைக் காலாட்படை வீரனாக்கி அந்நிய மண்ணில் இறக்கினர். பணிக்காலம் ஓராண்டு. ஊரையும் காட்டையும் அறிந்து, மொழியில் நாலு சொல் பழகும் வேளையில் அவன் திரும்பினான்; அவனிடத்துக்கு ஒன்றுமறியாத புதியவன் வந்தான். 1969 ஏப்ரலில் அங்கு நின்ற படை 5,43,000. இத்தனை பேருக்கும் ஆண்டுதோறும் மாற்றாள் தேட வேண்டியிருந்தது. எதிரே நின்றவர்களோ தம் மண்ணைப் பிறந்த நாள்முதல் அறிந்தவர்கள்.

கட்டாயச் சேர்ப்பு 1973இல் முடிந்தது, ஆட்பஞ்சம் முடியவில்லை. ஈராக் யுத்தம் நடந்த 2005ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படை 80,000 பேரைத் தேடியது. ஏறத்தாழ 73,000 பேரே சேர்ந்தனர். ஒப்பந்தம் முடிந்தவர்களிற் பலரை வீடு செல்லவிடாது நிறுத்தினர். 2007இல் போர்முனைப் பணிக்காலத்தைப் பன்னிரண்டு மாதத்திலிருந்து பதினைந்தாக நீட்டினர். இதற்கிடையே 2002இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சட்டம் ஒன்று, மத்திய அரசின் பணம் பெறும் உயர்நிலைப் பாடசாலைகள் மாணவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்களைப் படைச்சேர்ப்பாளர் கேட்டால் கொடுக்கவேண்டும் என்றது. பெற்றோர் மறுப்புத் தெரிவித்தால் மட்டுமே விலக்கு. அன்று புள்ளிப் பட்டியல். இன்று பெயர்ப் பட்டியல்.

ஆள் கிடைக்கவில்லை என்பதைக் கணக்கர் பற்றாக்குறை என்பர். நாம் அதனை மக்களின் தீர்ப்பு என்போம். தம் வீட்டு வாயிலைக் காக்க மக்கள் அழையாமலே வருவர்; பிறர் வாயிலை உடைக்க அவர்கள் தயங்குகின்றனர். அத்தயக்கத்தை மதியாத அரசு ஏழையையும் கல்லாதவனையும் தேடிச் செல்கிறது; அவனைக் காட்டித்தரும்படி பாடசாலையைக் கேட்கிறது. எந்த நாட்டு ஆசிரியராயினும், நாம் எழுதும் பட்டியல் எவர் கைக்குப் போகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதைக் கேட்பது நம் தொழிலின் ஒரு பகுதியேயாகும்.