கதவோரத்து ஸ்டிக்கர்

டெக்சாஸில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது நடந்தது. குடும்பத்தோடு ஊர் சுற்ற, வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். "நம்ம வண்டி 5000 பவுண்டு இழுக்கும்ப்பா. இது சாமானோட 4500 தான்" என்றான்.

ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். ஆட்களும் சாமானும் சேர்ந்து 1300 பவுண்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாக வண்டியின் மேல்தான் இறங்கும். 12 என்று வைத்தாலே 540. மீதி 760. நாங்கள் ஆறு பேர் 730. வண்டிக்குள் வைக்கும் பெட்டிகள் 150. ஆக, 120 பவுண்டு அதிகம்.

"நானும் அம்மாவும் வீட்டிலேயே இருந்துட்டா சரியாயிடும்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை; கணக்கு அப்படித்தான் வந்தது.

அவன் பதில் பேசவில்லை. மறுநாள், சாமானோடு 3000 பவுண்டைத் தாண்டாத சின்ன டிரெய்லர் ஒன்றின் படத்தைக் காட்டினான். 360 போக 940. எங்களுக்கு 880 போதும்.

"இடம் பத்தாதேப்பா?"

"நீங்க உள்ள படுங்க. நானும் பசங்களும் வெளிய டெண்ட் போட்டுக்கறோம்."

டிரெய்லர் வாங்கும் எண்ணமுள்ள அன்பர்களே, கதவோரத்தையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.