யமார் என்ற ஒரே வினை

ஸ்பானிய மொழி கற்க விரும்புகிறவர்கள் என்னிடம் வழி கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கான வினையாக, அன்றாடம் புழங்குவதாக இருக்கட்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதன் எல்லா வடிவங்களும் வாயில் வரும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். நான் அப்படித்தான் கற்றேன். என் வினை யமார். கூப்பிடுவதற்கும், தொலைபேசியில் அழைப்பதற்கும், கதவைத் தட்டுவதற்கும் அவர்களுக்கு அது ஒன்றே போதும். பெயரைச் சொல்லவும் அதுதான். 'மெ யாமொ' என்று தொடங்கித்தான் தங்கள் பெயரைச் சொல்வார்கள்.

கணவரின் வேலை காரணமாக நாங்கள் ஸ்பெயினில் உள்ள சலமான்காவுக்குக் குடிபோனோம். மதுரையில் நான் தமிழாசிரியை. பேச்சை நம்பிப் பிழைத்தவள். ஒரு வகுப்பையே அடக்கி உட்காரவைத்த குரல், அங்கே ரொட்டிக் கடையில் எழும்பவே இல்லை. வேண்டியதை விரலால் காட்டி வாங்கிக்கொண்டு திரும்புவேன். அந்த அவமானத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா தொலைபேசியில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா" என்பேன். அக்கம்பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் சிரித்து நகர்ந்துவிடுவேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியபிறகு அழுகை வரும். இன்றைக்கு இதை எழுதுவதற்குக் காரணம், அதிலிருந்து என்னை மீட்டது ஒரு இலக்கண அட்டவணை என்பதுதான். பலரும் வெறுத்து ஒதுக்குகிற அந்த அட்டவணையை நான் நெஞ்சாரக் கொண்டாடுகிறேன்.

குடியேறியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்தேன். மொராக்கோப் பெண்கள், உக்ரைன் பெண்கள், ஓரிரு சீன இளைஞர்கள். ஒருநாள் ஆசிரியை பலகையில் ஆறு வரிகள் எழுதினார். யாமொ, யாமஸ், யாம, யமாமொஸ், யமாயிஸ், யாமன். கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறாய், கூப்பிடுகிறார், கூப்பிடுகிறோம், கூப்பிடுகிறீர்கள், கூப்பிடுகிறார்கள். வகுப்பில் ஒரே பெருமூச்சு. எனக்கோ வெளிநாட்டுச் சந்தையில் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. யார் செய்கிறார் என்பதை வினையின் வாலே சொல்லிவிடுகிறது. 'நான்' 'நீ' என்று முன்னால் ஒட்டவைக்கத் தேவையில்லை. இது நமக்குப் புதிதா என்ன?

அடுத்து 'யமாபமொஸ்' என்று எழுதினார். முன்பெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று பொருள். என் கை தானாகவே நோட்டில் அதைப் பிரித்தது: யம் + ஆ + ப + மொஸ். யம் பகுதி. ஆ, இந்த வினை 'ஆர்' குடும்பத்தைச் சேர்ந்தது என்று காட்டும் உயிர். ப, காலம் காட்டும் இடைநிலை. மொஸ், நாம் என்னும் விகுதி. அழைத்தோம் என்பதை அழை + த் + த் + ஓம் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டியவள் நான். பகுபத உறுப்பிலக்கணம் தெரிந்தவருக்கு ஸ்பானிய வினை ஒரு திறந்த வீடு. ஒப்பிக்க வேண்டியது என்று பயமுறுத்தும் வடிவங்களில் பெரும்பகுதி, நாலைந்து இடைநிலைகளும் ஆறு விகுதிகளும் சேரும் சேர்க்கைதான்.

ஆனால் நம் காதுக்குப் பழக்கமில்லாதது ஒன்று உண்டு: அழுத்தம். யாமொ என்றால் நான் கூப்பிடுகிறேன். யமோ என்றால் அவர் கூப்பிட்டார். எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு கடைசி உயிரின் தலைமேல் ஒரு சாய்கோடு மட்டுமே. சொல்லும்போது குரலின் பலம் முதல் அசையிலிருந்து கடைசி அசைக்குத் தாவுகிறது. தாவியவுடன் ஆளும் மாறுகிறார், காலமும் மாறுகிறது. யாமெ, யமே என்ற இணையும் அப்படியே. யமார, யமரா என்பதும் அப்படியே: முன்னது 'கூப்பிட்டால்' என்ற கற்பனை, பின்னது 'கூப்பிடுவார்' என்ற உறுதி. நம் செவிக்கு அழுத்தத்தைவிடக் குறில் நெடில் நன்றாகப் பிடிபடும். அதனால் அழுத்தம் விழும் இடத்தில் நெடிலும் விழாத இடத்தில் குறிலும் போட்டுத் தமிழெழுத்தில் எழுதிப் படித்தேன். (தமிழ்ச் சொல்லின் கடைசியில் குறில் எகரமும் ஒகரமும் நிற்பதில்லை. என் மாணவர் எழுதியிருந்தால் நானே திருத்தியிருப்பேன்.) ஸ்பானியத்தில் அது நீட்டம் அல்ல, அழுத்தம்தான். இருந்தாலும் இந்த வழியில் படித்த எனக்கு யாமொவும் யமோவும் ஒருநாளும் கலங்கியதில்லை. இன்னொரு நன்மை: 'கோபம்' என்பதில் வருகிற மென்மையான ப, 'பாதி' என்பதில் வருகிற மென்மையான தி, இவையெல்லாம் அங்கேயும் ஏறக்குறைய அப்படியே ஒலிக்கின்றன.

அட்டவணை உயிர்பெற்றது எதிர்வீட்டு அம்மாவின் மேசையில். என் அம்மாவின் வயது. கணவரை இழந்தவர். மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். தரைவரை தொங்கும் கனத்த துணி போர்த்திய வட்ட மேசை. அதன் அடியில் சின்ன மின்கணப்பு. குளிர்காலத்தில் கால்களைத் துணிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. என்னை 'ஈஹ' என்பார். மகளே என்று அர்த்தம். தன்னை 'நீ' என்றே சொல்லும்படி என்னை வற்புறுத்துவார். எனக்கு நாக்கு எழவில்லை. மரியாதையாகவே 'உஸ்தேத்' போட்டுப் பேசினேன். அதற்கு வினை படர்க்கை வடிவில் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மகனைப் பற்றிச் சொன்னார். முன்பு எல்லா ஞாயிறும் 'மெ யமாப'. தன் பெயருக்குரிய புனிதரின் திருநாளன்று 'மெ யமோ'. இன்றைக்கு 'நொ மெ ஆ யமாதொ'. மூன்றே சொற்றொடர்கள். யமாப என்றபோது முடிவு காட்டாத ஒரு வழக்கம் என் கண்முன் விரிந்தது. ஞாயிறு ஞாயிறாக மணி ஒலிக்கிறது. யமோ என்றபோது ஒரே ஒரு அழைப்பு, தொடங்கி முடிந்துபோனது. ஆ யமாதொ என்பதுதான் என்னை உலுக்கியது. ஸ்பெயினின் நடுப்பகுதியில் இந்த வடிவத்தை, பேசுகிறவர் இன்னும் உள்ளே இருக்கிற பொழுதுக்குத்தான் போடுவார்கள். இன்றைய நாள் முடியவில்லை, கூப்பிடாததும் இன்னும் முடிந்த செய்தி ஆகவில்லை. புவனோஸ் ஐரெஸில் இருந்திருந்தால் அந்த அம்மா பெரும்பாலும் 'நொ மெ யமோ' என்றே சொல்லியிருப்பார். இரவு எங்கள் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அவர்தான், கையில் செல்பேசியோடு. "ஆ யமாதொ!" என்றார். கூப்பிட்டுவிட்டான்.

யமாப என்ற வடிவத்தை எங்கள் வகுப்புப் புத்தகம் 'முற்றுப்பெறாத இறந்தகாலம்' என்று அழைத்தது. காரகாஸில் பிறந்து சிலியில் வாழ்ந்த அந்த்ரேஸ் பெய்யோ 1847-இல் வெளியிட்ட இலக்கணத்தில் அதற்கு வேறு பெயர் வைத்தார்: இறந்தகாலத்தோடு உடன்நிகழும் காலம். நடந்து முடிந்த ஒன்றின் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது என்ற கருத்து. மெக்சிகோப் பள்ளிகளில் இன்றும் இந்தப் பெயர் வழங்குகிறது. எனக்குப் பெய்யோவின் பெயரே சரியாகப் படுகிறது. ஒரு காலத்தைக் குறையைச் சொல்லி அழைப்பதைவிட உறவைச் சொல்லி அழைப்பது மேல்.

எதிர்காலத்தைப் பற்றி ஒரு செய்தி. ஸ்பானிய மொழிக்கு அந்தோனியோ தெ நெப்ரிஹா எழுதிய இலக்கணம் 1492 ஆகஸ்ட் 18-இல் இதே சலமான்காவில் அச்சேறியது. கொலம்பஸ் பாலோஸ் துறைமுகத்தில் பாய்விரித்துப் பதினைந்தே நாள் ஆகியிருந்தது. எதிர்கால வடிவம் தனி விகுதிகளால் ஆனதல்ல, முழுவினையோடு 'அபேர்' என்னும் துணைவினை ஒட்டிக்கொண்டதே என்பதை நெப்ரிஹா அன்றே கண்டுசொன்னார். அபேரின் நிகழ்காலம் ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ். எதிர்காலம் யமரே, யமராஸ், யமரா, யமரேமொஸ். தெரிந்துகொண்டபின் மனப்பாடம் செய்ய அங்கே என்ன இருக்கிறது? 'யமரீய', அதாவது 'கூப்பிடுவேன், ஆனால்' என்று இழுக்கிற வடிவம், அதே துணைவினையின் இறந்தகாலத்தை ஒட்டிப் பிறந்தது. எங்கள் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், 1218-இல் தோன்றிய பல்கலைக்கழகத்தில், நெப்ரிஹா பாடம் நடத்தியிருக்கிறார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு இலக்கண ஆசிரியைக்கு உரிய நன்றியோடு நின்று பார்ப்பேன்.

இனி எல்லோரும் அஞ்சுகிற இடம், விருப்பமும் ஐயமும் காட்டும் வினை. யாம என்றால் கூப்பிடுகிறார், அது செய்தி. கடைசி உயிரை மாற்றி யாமெ என்றால் செய்தி அல்ல. வேண்டுகிறேன், சந்தேகிக்கிறேன், இன்னும் நடக்கவில்லை. 'குவாந்தொ மெ யாம' என்று அந்த அம்மா தொடங்கினால், மகன் கூப்பிடும்போதெல்லாம் நடப்பதைச் சொல்லப்போகிறார். 'குவாந்தொ மெ யாமெ' என்று தொடங்கினால், இனிமேல் வரப்போகிற அழைப்புக்காகக் காத்திருக்கிறார். நம்மிடம் உள்ள வியங்கோள் இதற்குக் கொஞ்சம் உறவு. வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று அதன் வேலைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவோமே, அவற்றை இந்த வடிவமும் பார்க்கிறது, இன்னும் பலவும் பார்க்கிறது. பெரியவரை 'கூப்பிடுங்கள்' என்று பணிவாகச் சொல்லவும் இதே யாமெதான். 'கூப்பிடாதே' என்பதும் இதிலிருந்தே வரும்: நொ யாமெஸ்.

அரபியர் அந்த மண்ணை ஆண்ட நூற்றாண்டுகள் விட்டுப்போன சொற்களில் ஒன்று 'ஒஹலா'. இறைவன் நாடினால் என்ற தொடரிலிருந்து வந்தது. அதற்குப் பின்னால் விருப்ப வினைதான் வரவேண்டும். ஒஹலா யாமெ: கூப்பிட வேண்டுமே, கூப்பிடலாம். ஒஹலா யமார: கூப்பிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும், ஆனால் நடக்குமா? நம்பிக்கை எத்தனை பங்கு மிச்சம் இருக்கிறது என்பதை வினையின் வடிவம் அளந்து சொல்லிவிடுகிறது. எதிர்வீட்டு அம்மா எந்த வாரம் எதைச் சொல்கிறார் என்று கவனிக்க ஆரம்பித்தேன். யமார என்று சொன்ன வாரங்களில் கூடுதலாக ஒரு மணிநேரம் அவரோடு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரங்களில்தான் என் ஸ்பானியம் வளர்ந்தது. என் அம்மாவைப் பற்றி அவரிடம் முதன்முதலாக நிறுத்தாமல் பேசியதும் அப்படி ஒரு மாலையில்தான்.

எதிர்காலத்துக்கும் ஒரு விருப்ப வடிவம் உண்டு. அன்றாடப் பேச்சிலிருந்து அது மறைந்துவிட்டது. ஸ்பெயினின் 1995-ஆம் ஆண்டு குற்றவியல் சட்டத்தில் கொலைக்கான பிரிவில்கூட அதைப் பார்க்கலாம். படித்துப் புரிந்துகொண்டால் போதும். அர்ஜென்டினாவுக்குப் போகிறவர்கள் 'யாமஸ்' என்பதற்குப் பதில் 'யமாஸ்' என்று கேட்கத் தயாராகுங்கள். அங்கே 'நீ'யே வேறு.

அதிகம் புழங்கும் வினைகளெல்லாம் ஒழுங்கற்றவை, ஒழுங்கான ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒழுங்கற்றவற்றில் பெரும்பாலும் குலைவது பகுதிதான். வாலில் வரும் ஸ், மொஸ், ன் எல்லாம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். வால் கைவசம் இருந்தால் தலையைக் கேட்டுக் கேட்டே பிடித்துவிடலாம். புதிதாக மொழிக்குள் நுழைகிற வினைகளும் அனேகமாக 'ஆர்' குடும்பத்திலேயே சேர்கின்றன. ட்விட்டரில் எழுதுவது 'துயித்தெயார்' ஆனபோது அதன் எல்லா வடிவங்களும் எனக்கு முதல் நாளே தெரிந்திருந்தன.

இரண்டாவதாக நான் எடுத்தது கொமேர், சாப்பிடுவது. அங்கே உயிர்கள் இடம் மாறுகின்றன: செய்திக்கு எகரம், கோமெ, விருப்பத்துக்கு அகரம், கோம. யமாபவில் இருந்த ப அங்கே இல்லை; கொமீய என்று வரும். யமரீயவில் கேட்ட அதே 'ஈய'. மூன்றாவது குடும்பமான 'இர்'ரில் பிபீர், வாழ்வது, பெரும்பாலும் கொமேரின் வழியிலேயே நடக்கிறது. யமாருக்குப் பல மாதம் பிடித்தது. இந்த இரண்டையும் சமையல் செய்துகொண்டே படித்து முடித்தேன்.