ஐந்து ஆறுகளைக் கடந்து

ரசிகர் கூட்டம் என்றதும் தமிழ்நாட்டில் நம் மனக்கண்முன் எழுவது, திரையரங்க வாசலில் பாலாபிஷேகம் செய்யப்படும் ஆளுயரப் பதாகைதான். மேலைநாட்டார்க்கோ அச்சொல் வேறொரு காட்சியைத் தரும். 1939இல் நியூயார்க் நகரில் அறிவியல் புனைகதை வாசகர்கள் தம் முதல் உலக மாநாட்டைக் கூட்டினார்கள். 1970இல் ஸான் டியேகோவில் சித்திரக்கதைப் பிரியர்கள் ஒன்றுகூடத் தொடங்கினார்கள். எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒரே கூரையின்கீழ் இரண்டு மூன்று நாள் தங்கி, தாம் நேசிக்கும் ஒன்றைப் பற்றி மட்டுமே பேசிக் களிப்பது அக்கூட்டங்களின் இயல்பு. இவை அனைத்துக்கும் மூத்ததாக அத்தகைய கூட்டமொன்று நம் காவிரிக்கரையில் நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையை ரசிகர் மாநாடு என்று அழைப்பதில் சிலருக்கு மனக்குறை ஏற்படலாம். ஆயினும் அங்கே மேடையேறுகிற வித்துவான்கள் சன்மானம் பெறாமல், சில நிமிடங்கள் பாடிவிட்டு இறங்கி, மணலில் அமர்ந்திருப்போருடன் தாமும் அமர்ந்துகொள்கிறார்கள். அந்த ஒருநாள் அவர்களும் ரசிகர்களே. அதனால் அப்பெயர் பொருந்தும் என்றே எண்ணுகிறோம்.

2025ஆம் ஆண்டின் ஆராதனை நாள் ஜனவரி 18, சனிக்கிழமையாக அமைந்தது. பொங்கலை ஒட்டிய வார இறுதி. திருவாரூரிலிருந்து நாங்கள் நால்வர் புறப்பட்டோம். தமிழ் கற்பிக்கும் நாம், மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் நண்பர், மின்வாரியத்தில் பணியாற்றும் நண்பர், எங்கள் கல்லூரியிலேயே ஆங்கிலத் துறையில் இருக்கும் தோழி. நால்வருள் முறையாகச் சங்கீதம் கற்றவர் தோழி ஒருவரே. அவரும் பதினைந்து வயதில் நிறுத்திவிட்டவர். ஏன் நிறுத்தினார் என்று நாங்கள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அதிகாலைப் பேருந்து. கொரடாச்சேரி தாண்டும்போது இருள் பிரியத் தொடங்கியது. இருபுறமும் அறுவடைக்கு நின்ற சம்பா. சில வயல்களில் அறுவடை இயந்திரம் ஓடிய தடம், சிலவற்றில் வைக்கோல் கட்டுகள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல் காத்திருந்தோம். இத்தடத்தில் பயணம் செய்வோர் யாவரும் அறிந்த காத்திருப்பு அது. அங்கேதான் கணித ஆசிரியர் தம் வழக்கமான கேலியை ஆரம்பித்தார்.

“சார், தமிழ் வாத்தியார் தெலுங்குப் பாட்டு கேக்க இவ்வளவு தூரம் போறீங்களே, உங்க துறையில யாரும் ஒண்ணும் சொல்லலையா?”

கேலியானாலும் அதனுள் இருக்கும் கேள்வி கேலிக்குரியதன்று. 1946இல் இதே ஆராதனையில் எம்.எம். தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாடல் பாடியது பெரும் சர்ச்சையாயிற்று என்பதை இசை வரலாறு படித்தோர் அறிவர். தேசிகர் நம் பகுதியைச் சேர்ந்த திருச்செங்காட்டங்குடியில் பிறந்தவர். தேவாரம் ஊறிய குரல் அவருடையது. தமிழ் மண்ணில், காவிரிக்கரையில், தமிழ்ப் பாடலுக்கு இடமில்லையா என்ற கேள்வியைத் தமிழிசை இயக்கம் அன்று உரக்கக் கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். அதே வேளையில், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு திருவாரூரில் பிறந்து, திருவையாற்றில் வாழ்ந்து மறைந்த ஒருவரின் பாடல்களைத் தெலுங்கு அறியாத ஆயிரக்கணக்கானோர் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்துவருகிறார்கள் என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டுதான் திருவையாறு போக வேண்டியிருக்கிறது. நண்பருக்கு நாம் சொன்ன விடையும் இதுவே. அவர் சிரித்துக்கொண்டே, “ரெண்டு பக்கமும் சமன் பண்ணிட்டீங்க” என்றார். கணக்காசிரியரல்லவா!

தஞ்சையில் இறங்கி வேறு பேருந்து ஏறினோம். தஞ்சைக்கும் திருவையாற்றுக்கும் இடையே 13 கிலோமீட்டர் போலத்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகள். ஒவ்வொரு பாலம் வரும்போதும் பேருந்தில் பேச்சு சற்றே அடங்கி, கண்கள் நீரைத் தேடிச் சன்னலுக்குத் திரும்புவதைக் கவனித்தோம். கழனிக்காரர் வாழும் நாட்டில் ஆற்றில் நீர் இருக்கிறதா என்று பார்ப்பது பிறவிக்குணம்.

தியாகராஜர் 1767இல் பிறந்து 1847 ஜனவரியில், புஷ்ய பகுள பஞ்சமியன்று மறைந்தவர். ஆண்டுதோறும் அத்திதியிலேயே ஆராதனை. அன்று காலை அவர் வாழ்ந்த திருமஞ்சன வீதி இல்லத்திலிருந்து உஞ்சவிருத்தி பஜனை புறப்பட்டுச் சமாதியை அடைகிறது. நாங்கள் சென்று சேர்ந்தபோது பந்தலில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. மின்வாரிய நண்பர் நின்றுவிட்டார். அவர் நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையோடு வாசிப்பு நின்றுபோயிற்று. “முழுசாக் கேட்டுட்டு வர்றேன், நீங்க போய் இடம் பிடிங்க” என்றார். கூட்டமோ உள்ளே இடம்பிடிப்பதில் முனைந்திருந்தது. மங்கல இசையை விழாவின் வாயிற்படியாகக் கருதிக் கடந்துபோவது நம் எல்லோருக்கும் பழகிவிட்டது. வாயிற்படியிலேயே நின்று கேட்பவர் ஒருவரேனும் எங்களுடன் வந்திருந்தார் என்பதில் எங்களுக்கு ஒரு நிறைவு.

பின்னர்ப் பஞ்சரத்தினம். எதிரெதிர் வரிசைகளில் பாடகர்கள், இடையே வயலின்களும் மிருதங்கங்களும், அப்பால் சமாதியில் அபிஷேகம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ஐந்து ராகங்கள். தொலைக்காட்சி நேரலையில் கேட்கையில் அது ஒரே குரலாக ஒலிக்கும். நேரில் அப்படியன்று. அருகில் அமர்ந்திருக்கும் பெரியவர் சற்றுப் பிந்துவார். முன்வரிசைச் சிறுமி கையிலுள்ள ஸ்வரப் புத்தகத்தில் விரலோட்டிக்கொண்டே முந்துவாள். யாரோ ஒருவர் சாகித்தியம் மறந்து, தாளத்தை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டிருப்பார். இந்தப் பிசிறுகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு அந்தப் பெருங்குரல் போய்க்கொண்டேயிருக்கும். ஆரபியின் நடுவே எங்கள் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு குரல் எழுந்தது. தோழி பாடிக்கொண்டிருந்தார். கையில் புத்தகம் இல்லை. முப்பதாண்டுகளுக்குமுன் கற்ற சரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிழையின்றி வந்தன. நாங்கள் அவரைத் திரும்பிப் பார்க்காமலிருக்க முயன்றோம்.

கூட்டம் கலைந்தபின் தோழி எங்களைச் சமாதிக்கு எதிரே அழைத்துச் சென்றார். அங்கே பெங்களூர் நாகரத்தினம்மாளின் சிலை, தியாகராஜரை நோக்கியவாறு அமர்ந்திருக்கிறது. சிதைந்துகிடந்த சமாதியைச் சூழ்ந்த நிலத்தை 1920களில் தம் பொருளால் வாங்கிக் கோயில் எழுப்பியவர் அவர். அந்நாளில் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று வித்துவான்கள் பிரிந்து ஆராதனை நடத்தினர். சின்னக் கட்சியின் விழா பஞ்சமியன்று முடியும், பெரிய கட்சியின் விழா அன்று தொடங்கும். இருசாராரும் மாறுபட்ட செய்திகள் பல. பெண்களைப் பாடவிடக்கூடாது என்பதில் மட்டும் உடன்பட்டிருந்தனர். கோயில் கட்டியவருக்கே அதன் முன் பாட உரிமையில்லை. நாகரத்தினம்மாள் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940-41 அளவில்தான் கட்சிகள் ஒன்றாகி, பெண்களும் உடன் அமர்ந்து பாடும் நிலை வந்தது. பஞ்சரத்தினத்தை அனைவரும் கூடிப் பாடும் வழக்கம் உருவானதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். தஞ்சை அரசவையில் விளங்கிய முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற தெலுங்குக் காவியத்தை 1910இல் பதிப்பித்து, மறு ஆண்டே அரசின் தடைக்கு உள்ளானவரும் அவரே என்பது இலக்கிய வாசகர்கள் நினைவில் வைக்கத்தக்கது. 1947வரை அத்தடை நீடித்தது.

தோழி அச்சிலையின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு, “எங்க பாட்டியும் இந்த அம்மா மாதிரி வீட்டுல பொறந்தவங்கதான்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கடைத்தெருவில் அசோகா அல்வா வாங்கிக்கொண்டு ஐந்து ஆறுகளையும் மீண்டும் கடந்து ஊர் திரும்பினோம்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனையின் எதிரொலி அடங்குமுன் திருவாரூர்க் கோயிலில் கூடுவது என்று முன்னமே பேசியிருந்தோம். தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் ஆகிய மூவரும் பிறந்த ஊர் இது. திருவையாற்றில் திரண்ட கூட்டத்தில் சிறு பகுதிகூட இங்கே மூவர் இல்லங்களைத் தேடி வருவதில்லை. திருவாரூரில் பிறக்க முக்தி என்பது வழிவழிச் சொல். பிறப்புக்குப் பெயர்பெற்ற ஊரை விட்டு, மறைந்த இடத்தை நாடிச் செல்கிறது ரசிக உள்ளம். பிறந்தபோது அவர் யாரென்று எவருக்கும் தெரியாது. மறைந்தபோது பாடல்கள் இருந்தன, அவற்றைப் பாடும் சீடர்கள் இருந்தனர். ரசிகர்கள் கூடுவதற்கு அவைதாம் வேண்டும் போலும்.

தேவாசிரிய மண்டபத்தில், முசுகுந்தன் கதை தீட்டிய விதான ஓவியங்களின்கீழ் அமர்ந்தோம். சுந்தரர் திருத்தொண்டத் தொகை பாடியதற்குக் காரணமான நிகழ்ச்சி இங்கே நடந்ததாகப் பெரியபுராணம் கூறும். மண்டபத்தில் கூடியிருந்த அடியார்களை வணங்காமல் சுந்தரர் நேரே சன்னதிக்குச் செல்ல, விறன்மிண்டர் வெகுண்டு, அவரும் புறம்பு, அவரை ஆண்ட இறைவனும் புறம்பு என்று சொல்லிவிட்டார். இறைவனுக்கே தோழரானவரை ஓர் அடியார் கூட்டத்தை விட்டு விலக்கிய கதை இது. அதன் விளைவே அடியார் ஒவ்வொருவருக்கும் தம்மை அடியவராக்கிக்கொள்ளும் அப்பதிகம். நேற்று ஸ்ரீ ராகத்தில் கேட்ட கிருதியும், உள்ள பெரியோர் அனைவரையும் வணங்குகின்ற பாடல்தானே. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இருவேறு மொழிகளில் இவ்விரு பாடல்களும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. தான் நேசிப்பதைத் தன்னைப் போலவே நேசிக்கும் பிறரையும் வணங்கு என்பதே அச்செய்தி. கணித ஆசிரியரும் இதற்குக் கேலி சொல்லவில்லை.

அப்போதுதான் தோழி பேசினார். அவருடைய பாட்டிக்கு நூற்றுக்கணக்கான பாடல்கள் தெரியும். திருமணத்துக்குப்பின் சமையலறையில், அதுவும் வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்தில் மட்டுமே பாடுவாராம். பேத்திக்கு அவர் கற்றுக்கொடுத்ததை அறிந்த உறவினர்கள், பழைய கதை ஊருக்கு நினைவு வந்துவிடும் என்று அஞ்சி நிறுத்தினார்கள். எங்களிடையே அது பெரிய விவாதமாக எழுந்தது. இதே திருவாரூரில் 1883இல் பிறந்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். தேவதாசி முறையின் கொடுமையை உள்ளிருந்து கண்டு, அதை ஒழிக்கப் போராடி, ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை 1936இல் வெளியிட்டவர். அம்முறையை ஒழிக்கும் சட்ட முயற்சிகளை எதிர்த்து நின்றவர்களுள் நாகரத்தினம்மாளும் ஒருவர். 1947இல் சட்டம் வந்தது, வரவேண்டியதே. இராமாமிர்தம் அம்மையார் இல்லையேல் தம் தாய்க்குக் கல்வியும், தமக்கு இப்பேராசிரியப் பணியும் கிட்டியிரா என்று தோழியே சொன்னார். “ஆனா அந்தப் பாட்டை ஏன் சேர்த்துப் புதைச்சோம்?” என்றும் அவரே கேட்டார். விடை கூற எங்களுள் எவருக்கும் துணிவில்லை. மின்வாரிய நண்பர் மட்டும், “பாட்டி பேரு என்ன மேடம்?” என்று கேட்டார். தோழி சொன்னார். மூன்று ஆண்டுகளாகப் பழகியும் நாங்கள் கேட்டிராத பெயர்.

திருத்தொண்டத் தொகையைப் பாடம் நடத்துகையில், அறுபத்துமூவருள் பெண்கள் எத்தனைபேர் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மூவர் என்போம். காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். மூன்றாமவர் சுந்தரரின் தாயார். பதிகத்தின் இறுதியில், மகனைப் பெற்றவர் என்ற முறையில் இடம்பெறுபவர். திருவாரூரில் பிறந்தவர் என்பதற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. அவர் என்ன பாடினார் என்பதற்கு எச்சான்றும் இல்லை. பெயரில் மட்டும் இசை நிற்கிறது. இதுவரை தேர்வுக்குரிய குறிப்பாக அப்பெயரைச் சொல்லிவந்தோம். இனி அவ்வாறு கடந்துபோக இயலாது. அடுத்த ஆராதனைக்குள் ஐந்து கிருதிகளையும் நாங்கள் மூவரும் கற்றுக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. ஞாயிறு மாலைகளில் தோழியின் வீட்டில் பாடம். கதவைச் சாத்திக்கொள்வதில்லை.