நடந்த வழியே படப்புத்தகம்

சிறுவர் படப்புத்தகத்துக்கு வழக்கமான அளவு 32 பக்கங்கள். அச்சுத்தாள் 8, 16 பக்கங்களாக மடிவதால் வந்த கணக்கு அது. ஒருவர் நடந்த வழியைச் சொல்ல அதுவே தாராளம். அதை நினைவிலிருந்து வரைவதே சிறப்பு.

இலங்கையின் சிறுவர் நூல் எழுத்தாளரும் ஓவியருமான சிபில் வெத்தசிங்க 1927இல் காலிக்கு அருகே கிந்தோட்டையில் பிறந்தார். சிறுவயதிலேயே கொழும்புக்குப் போய்விட்டார். ஆனாலும் அந்தக் கிராமம் அவர் கோட்டில் கடைசிவரை இருந்தது. 1956இல் வந்த ‘குட ஹொரா’ (குடைத் திருடன்) நூலில் பட்டணம் போய்க் குடை வாங்கிவரும் கிரி மாமாவின் உலகம் அதுதான். கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷ்யாம் லண்டனைக் கண்டதும் இப்படித் தன் கிராமத்துக் கண்ணால்தான்: தாரா புக்ஸ் 2004இல் வெளியிட்ட நூலில் பிக் பென் மணிக்கூண்டு சேவலாகிறது, சுரங்க ரயில் மண்புழுவாகிறது. கண்ட காட்சியை விட மனதில் தங்கிய உணர்வே படத்தை நடத்துகிறது. ஒளிப்படத்தைப் பார்த்து வரைவதில் இந்த உயிர் வருவது அரிது.

கிழக்கிலங்கையில் கல்முனையிலிருந்து வடக்கே மருதமுனைவரையான கரை இத்தகைய நூலுக்கென்றே அமைந்தது. கரைவலை இழுப்போரின் குரல், வெயிலில் காயும் கருவாட்டு வாசம், பள்ளிவாசல் பாங்கு, மருதமுனைத் தறியின் சத்தம். எதிரெதிர் இரு பக்கங்கள் சேர்ந்த ஒரு விரிப்புக்கு ஒரு புலன் போதும். சத்தத்தைத் திரும்பத் திரும்ப வரும் கோடு காட்டும். வாசத்தை முகபாவம் காட்டும். எழுத்து குறையக் குறைய நல்லது.

2004 டிசம்பர் 26இன் கடல்கோள் இந்தக் கரையின் பல வீடுகளையும் ஒழுங்கைகளையும் அழித்தது. அழிந்த அந்த வழிகள் மூத்தோர் நினைவில் மட்டுமே உள்ளன. வரையத் தெரிந்த இளையோர் அவர்களிடம் இப்போதே கேட்டு வரைய வேண்டும்.