கரிசல்காட்டுப் பரலோக மாதா

ஆகஸ்ட் 15. சுதந்திர தினம் என்பதால் தீப்பெட்டி ஆபீசுகளுக்கு விடுமுறை. கோவில்பட்டியிலிருந்து காமநாயக்கன்பட்டிக்குப் போகும் பேருந்தில் பெண்கள் கூட்டம் படிவரை நிற்கிறது. குங்குமம் வைத்தவர்களும் ஜெபமாலை போட்டவர்களும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே, உழுது போட்ட கரிசல் மழைக்குக் காத்துக் கிடக்கிறது.

பரலோக மாதா கோயில் வாசலில் இறங்கினால் கடலை மிட்டாய்க் கடை, வளையல் கடை, உப்பும் மிளகும் விற்கும் பாட்டிகள். ஒரு பக்கம் மொட்டையடிப்பு, இன்னொரு பக்கம் காதுகுத்து. "எங்கிருந்து வாரீக தாயி?" என்று கேட்டபடியே ஒரு பாட்டி என் கையில் உப்புப் பொட்டலத்தைத் திணித்தார். அவர் தாலிக்கயிற்றில் சிறு சிலுவை.

சேசு சபைப் பாதிரியார்களான அருளானந்தரும், 1710களில் தமிழ் மண்ணுக்கு வந்த வீரமாமுனிவரும் பணியாற்றிய ஊர் இது. வீரமாமுனிவர் பின்னாளில் கோணான்குப்பத்தில் மாதாவுக்குச் சேலை கட்டிப் பெரியநாயகி என்று பெயரும் வைத்தார். அந்தச் சிலை மணிலாவில் செய்து வந்தது என்பது அந்த ஊர் வழக்கு. மணிலா அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது.

அதே ஸ்பெயின் 1521இல் மெக்சிகோவைப் பிடித்தது. பத்தே ஆண்டில், 1531இல், தெபெயாக் குன்றில் ஹுவான் தியேகோ என்ற பழங்குடி மனிதருக்கு மாதா காட்சி தந்ததாக மக்கள் நம்புகிறார்கள். மாநிற முகத்துக் குவாதலூப்பே மாதா அவர்களுக்கு வென்றவர்களின் சாமி அல்ல, சொந்தத் தாய். பிழைப்புக்காக அமெரிக்கா போன மெக்சிகோப் பெண்களும் டிசம்பர் 12 விடியலில் அவளைப் பாட்டுப் பாடி எழுப்புகிறார்கள். பக்கத்தில் நின்ற ஓர் அக்காவிடம் கைபேசியில் அந்த மாதாவின் படத்தைக் காட்டினேன். "நம்ம நெறந்தான். முக்காடு போட்டிருக்காக. கும்பிட்டா மழை தருவாகளா?" என்றார்.

மதம் மாறினால் மண்ணை விட்டுப் போய்விடுவார்கள் என்று பேசுகிறவர்கள் இங்கே வந்து ஒரு பொழுது நிற்க வேண்டும். இந்தப் பெண்கள் எதையும் விடவில்லை. நேர்த்தி, பொங்கல், தேர் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவந்து மாதாவின் காலடியில் வைத்திருக்கிறார்கள். பீடத்தில் நிற்பவர்கள் ஆண்கள்தான். ஆனால் இந்த வழிபாட்டுக்கு இந்த உருவம் கொடுத்தவர்கள் பெண்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தேர் நகர்ந்ததும் கும்பிடு சேவை தொடங்கியது. ஈரச் சேலையோடு பெண்கள் தேருக்குப் பின்னால் புழுதியில் விழுந்து கும்பிட்டு, எழுந்து, மறுபடி விழுகிறார்கள். உறவுக்காரர்கள் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கூட வருகிறார்கள். தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் ஓர் அம்மா, சேவை முடித்து மூச்சு வாங்க என் அருகில் உட்கார்ந்தார். முழங்கையில் சிராய்ப்பு.

"மகளுக்கு நர்சிங் சீட்டு கெடைச்சிருச்சு, அதுக்குத்தான்" என்றார். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த வருசம் அவளும் விழப்போறாளாம். என்ன வேண்டியிருக்கான்னு எங்கிட்டயே சொல்ல மாட்டேங்கா."