காசின் நிலை

எம்மூராகிய உத்திரமேரூரின் கல்வெட்டை அறியாதார் இலர். முதற் பராந்தக சோழன் காலத்து, கி. பி. 921-ஆம் ஆண்டுச் சாசனம் அது. குடவோலையைப் பாராட்டுவோர் பலர். அவ்வோலையால் தெரிந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் பொன்வாரியம் ஒன்றென்பதை நினைப்பவர் சிலரே. பொன்னைக் காண்போனுக்குக் கண்ணோடு நாணயமும் வேண்டும். காசிற்கும் நேர்மைக்கும் ஒரு சொல்லையே வைத்தனர் நம் முன்னோர்!

என் பாட்டனார் விலைக்கு வாங்கிச் சேர்த்த பழங்காசுகள் பதினொன்று எம் இல்லத்தில் இருந்தன. என் கல்லூரிச் சம்பளத்தின் பொருட்டு அவற்றை விற்கச் சிற்றப்பா துணிந்தார். வாங்க விரும்பியவர் ஒவ்வொன்றின் நிலையையும் எழுதுமாறு கேட்டனர். தமிழ் பயில்பவன் என்று அவ்வேலை என்பால் வந்தது. "எல்லாம் நல்ல நிலை என்று எழுதிவிடப்பா" என்றார் சிற்றப்பா.

'நல்ல' என்னும் சொல்லால் யாது விளங்கும்? இராசராசன் செப்புக் காசொன்றை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவமும், நாகரியில் அரசன் பெயரும். புடைத்த பகுதிகளே முதலில் தேயும். ஆதலின் முகம் மழுங்கியிருப்பின் அது பல கை மாறிய தேய்வு. எழுத்திற் பாதி விளிம்பிற்கு அப்பாற் போயிருப்பின் அது தேய்வன்று. அச்சு விலகி விழுந்தமையால் பிறப்பிலேயே வந்த குறை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கூறுதல் பெரும் பிழை. மூன்றாவதொன்றுண்டு, அதுவே கொடியது. புளியிட்டுத் துலக்குதல்! குத்துவிளக்கிற்கு ஏற்ற அத்தொண்டு, நூற்றாண்டுகளாகப் படிந்த கருநிறப் படலத்தை ஒரு நொடியிற் போக்கிவிடும். பின் காசு பளபளக்கும், அறிந்தவர் தொடார்.

மேனாட்டுச் சூதாட்டக் கூடங்களின் கேசினோ வில்லைகளைச் சேர்ப்போரும் இவ்வாறே ஆராய்கின்றனர். புதிய வில்லையின் விளிம்பு கூராயிருக்கும். ஆடி ஓய்ந்ததன் விளிம்பு உருண்டுவிடும். அமெரிக்கராகிய வில்லியம் ஷெல்டன் 1949-இல் தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்கு ஒன்று முதல் எழுபது வரை எண்ணளவு வகுத்தார். இன்று பிற காசுகளையும் அவ்வளவால் மதிக்கின்றனர். எண் சுருக்கமானதே, எனினும் எவ்விடத்தில் எக்குறை என்பதை அது சொல்லாது. சொற்களே சொல்லும்.

ஆகவே பதினொன்றிற்கும் தனித்தனியே எழுதினேன். "முகம் தேய்ந்தது; எழுத்து மூன்று தெளிவு; விளிம்பில் ஒரு வெட்டு" என்பது ஒன்று. "புளியால் துலக்கப்பட்டது" என்று மூன்றிற்கு எழுதினேன். சிற்றப்பா படித்துப் பார்த்து, "விலை குறையுமே" என்றார். பின்னர்த் தாமே கடிதத்தைத் தபாலிற் சேர்த்தார்.

எட்டுக் காசுகள் விலைபோயின. துலக்கிய மூன்றும் வீட்டிலேயே உள்ளன. குறைந்த தொகைக்குச் சிற்றப்பா விதைக்கென வைத்திருந்த நெல்லில் இரண்டு மூட்டையை விற்றார்.