டெலீட் பண்ணாதீங்க பாஸ்!

ஒரு சின்ன டெஸ்ட். உங்க மொபைலை எடுங்க. போன வாரம் மட்டும் எத்தனை ஆடியோ, வீடியோவை 'சொதப்பல்'னு சொல்லி அழிச்சீங்க? நான் இந்த விஷயத்துல கில்லாடி. காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல வயலின் வாசிக்கணும்னா, ஒரே பீஸை நாற்பது தடவை ரெக்கார்ட் பண்ணி முப்பத்தொன்பதை அழிக்கிற ஆசாமி. மிச்சமிருக்கிற ஒண்ணையும் அரை மனசோடதான் வெச்சிருப்பேன்.

அப்படிப்பட்ட என்னைத் திருத்தினது, 1903-ல் பதிவான ஒரு கிராமபோன் தட்டு.

வாசிச்சவர் ஜோசப் யோவாகிம். 1831-ல் அன்றைய ஹங்கேரியில் பிறந்தவர். 1844-ல், நம்ம ஊர்ல ஏழாவது படிக்கிற வயசுல, லண்டன்ல பீத்தோவனோட வயலின் கான்செர்ட்டோவை வாசிச்சார். அன்னிக்கு ஆர்கெஸ்ட்ராவை நடத்தினவர் யார் தெரியுமா? மெண்டல்சன்! பின்னாடி, பிராம்ஸ் தன்னோட வயலின் கான்செர்ட்டோவை இவருக்குத்தான் சமர்ப்பணம் பண்ணார். 1879 ஜனவரி 1-ம் தேதி லைப்சிக் நகரத்துல அதை முதன்முதலா மேடையில வாசிச்சவரும் இவரேதான்.

இந்த மனுஷன் 72 வயசுல, பெர்லின்ல, கிராமபோன் கம்பெனிக்காக அஞ்சே அஞ்சு தட்டுப் பக்கங்கள் வாசிச்சுக் கொடுத்தார். அதுல ஒண்ணு, பாஹ் எழுதின ஜி மைனர் சொனாட்டாவோட முதல் பகுதியான அடாஜியோ. கூட பியானோ கிடையாது. ஒத்தை வயலின்தான்.

எனக்கு அந்த அடாஜியோ ஏற்கெனவே தெரியும். சொல்லப்போனா, அதுதான் என் பிரச்னையே!

எனக்கு வெஸ்டர்ன் வயலின் சொல்லிக் கொடுத்த சார், ஒருநாள் கிளாஸ் முடிஞ்சதும் அதை வாசிச்சுக் காட்டினார். நான் மொபைல்ல ரெக்கார்ட் பண்ணேன். நடுவுல அடுத்த வீட்டு குக்கர் ரெண்டு விசில் அடிச்சது. சார் ஒரு தடவை இருமினார். ஒரு இடத்துல சுருதி லேசா விலகினதும், "வயசாயிருச்சுடா தம்பி"ன்னு சிரிச்சுக்கிட்டே தொடர்ந்து வாசிச்சார். ஹாஸ்டலுக்கு வந்து கேட்டேன். 'குக்கர் சத்தம் வேற... அப்புறமா நல்லா ஒண்ணு எடுத்துக்கலாம்'னு அழிச்சுட்டேன்.

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. போன வருஷம் சார் இறந்துட்டார்.

அடுத்த சில வாரம் வயலின் பெட்டியைத் திறக்கவே மனசு வரலை. ஒருநாள் ராத்திரி தூக்கம் வராம, அந்த அடாஜியோவை யார் யார் வாசிச்சிருக்காங்கன்னு இணையத்துல தேடினேன். அப்பதான் யோவாகிம் சிக்கினார்.

முதல் தடவை கேட்டா உங்களுக்கும் சிரிப்புத்தான் வரும். வடைச்சட்டியில எண்ணெய் கொதிக்கிற மாதிரி ஒரு இரைச்சல். அதுக்குப் பின்னாடி எங்கேயோ தூரத்துல ஒரு வயலின். காரணம் இருக்கு. அப்போ மைக் கிடையாது. ஸ்டூடியோக்களுக்கு மைக் வந்ததே 1925-ல்தான். அதுவரைக்கும் ஒரு பெரிய தகரக் குழாய்க்கு முன்னாடி நின்னு வாசிக்கணும். அந்தச் சத்தத்தோட அதிர்வுதான் ஊசியை ஆட்டும். ஊசி மெழுகுத் தட்டுல கோடு கிழிக்கும். பாட்டுக்காரங்க குரல் அந்தக் குழாய்க்கு ஓரளவு ஒத்துப்போச்சு. வயலின் சத்தம்தான் பத்தலை. அதுக்காகவே மரப்பெட்டிக்குப் பதிலா உலோகக் குழல் வெச்ச 'ஸ்ட்ரோ வயலின்'னு ஒண்ணையே கண்டுபிடிச்சாங்கன்னா பார்த்துக்கங்க!

ஒரு பக்கத்துல அதிகபட்சம் நாலு நிமிஷம், நாலரை நிமிஷம்தான் பிடிக்கும். முழு சொனாட்டாவுக்கு எங்கே போறது? ஒரு பகுதியை மட்டும் வாசிப்பாங்க, இல்லைன்னா கத்தரி போடுவாங்க. பாஹோட ஆறு தனி வயலின் படைப்புகளும் முழுசா தட்டுல வர்றதுக்கு, 1934-36 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதிச்சவர், அப்போ இருபது வயசைத் தொட்டுக்கிட்டிருந்த யெஹுதி மெனுஹின்.

எல்லாத்தையும் விட என்னை உலுக்கின விஷயம் வேற. மெழுகுத் தட்டை ஒரு தடவை போட்டுக் கேட்டாலே அந்தக் கோடு சிதைஞ்சுடும். அப்புறம் அதுல இருந்து அச்சு எடுக்க முடியாது. அதாவது, 'எப்படி வந்திருக்கு?'ன்னு கேட்டுப் பார்த்துட்டு அதையே வெளியிடுற வசதி இல்லை. வாசிச்சோமா, வந்தோமான்னு போயிட வேண்டியதுதான்.

என்னை மாதிரி ஆட்களும் அந்தக் காலத்துல இருந்தாங்க. 1928-ல் கிரெய்ஸ்லரும் ராக்மானினாஃபும் சேர்ந்து கிரீக்கோட சொனாட்டாவைப் பதிவு பண்ணாங்க. மொத்தம் ஆறு பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் அஞ்சு தடவை! ராக்மானினாஃபுக்குத் திருப்தியே வராதாம். கிரெய்ஸ்லர் முதல் தடவையே 'நல்லாத்தானே இருக்கு'ன்னு கிளம்புற ரகம். முப்பதுல தேறின ஆறை வெச்சுக்கிட்டு, மிச்சத்தை அழிச்சுட்டாங்க.

அந்த ஆறும் அருமைதான். ஆனா எனக்கு இப்போ அழிஞ்சுபோன அந்த இருபத்துநாலு மேலதான் கண்ணு!

திரும்ப யோவாகிமுக்கு வருவோம். நாலு நிமிஷம்கூட இல்லாத அந்தப் பதிவுல, சில சுருதிகள் சரியா உட்காரலை. வயசான விரல்கள். இன்னிக்கு எல்லாரும் தாராளமா போடுற வைப்ரேட்டோவை அவர் உப்பு மாதிரி அளவா, அங்கங்கே மட்டும் தூவுறார். மெண்டல்சன் கேட்ட வயலின், பிராம்ஸ் கேட்ட வயலின். அவங்க வாசிப்பை நாம கேட்கவே வழியில்லாத மெண்டல்சன் காலத்துல இருந்து நம்ம காது வரைக்கும் நீளுற ஒரே ஒரு நூல் மாதிரி இருந்தது எனக்கு. 'இரைச்சல் ஜாஸ்தி, வேண்டாம்'னு அன்னிக்கு யாராவது அந்தத் தட்டை உடைச்சிருந்தா?

மூணாவது தடவை கேட்கிறப்போ எண்ணெய்ச் சத்தம் காதுல விழலை. சுருதி விலகின இடத்துல மட்டும், "வயசாயிருச்சுடா தம்பி"ன்னு எங்க சார் குரல் கேட்டது. ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு அழுதேன்.

சாரோட பதிவு இனி திரும்பாது. அதனால இப்பல்லாம் எதையும் அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்கிறேன்: 'இதுல சொதப்பினது நானா, இல்லை வேற யாரோட குரலாவது இருக்கா?' நான் மட்டும்னா அழிச்சுடுவேன். அடுத்தவங்க குரல் இருந்தா, குக்கர் விசிலோட அப்படியே பத்திரம்!

போன மாசம் ஊருக்குப் போனப்போ, பாட்டி வெங்காயம் உரிச்சுக்கிட்டே பழைய பாட்டு ஒண்ணை முணுமுணுத்தாங்க. மேல ஃபேன் கடகடன்னு ஓடிக்கிட்டிருந்தது. நிறுத்தலாம்னு எழுந்தேன். அப்புறம் பேசாம உட்கார்ந்து, ரெக்கார்ட் பட்டனை அமுக்கினேன்.

ஃபேன் சத்தம் நல்லாவே விழுந்திருக்கு. இருக்கட்டும் பாஸ். உங்க வீட்டுலயும் ஒரு ஃபேன் ஓடிக்கிட்டிருக்கும், அதுக்குக் கீழே யாராவது பாடிக்கிட்டோ பேசிக்கிட்டோ இருப்பாங்க. போய் பட்டனை அமுக்குங்க!